வீட்டுத் தோட்ட இஞ்சியில் ஊறுகாய் செய்தல்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் இரண்டொரு பாத்திகளிலோ, மண்ணும் எருவும் நிரப்பிய பழைய உரப்பைகளிலோ இஞ்சியும் நட்டு வருகின்றனர். தென்னையின் கீழுள்ள இளநிழலிலும் இப்பயிர் நன்கு வளரும். பங்குனி, சித்திரை மாத மழையோடு நடப்படும் இஞ்சி எட்டு முதல் பத்து மாதங்களில் முற்றி, மார்கழி, தை மாதங்களிற் கிண்டுவதற்கு ஆயத்தமாகும். அக்காலத்தில் அயலவர் எல்லோரும் ஒருங்கே சந்தைக்குக் கொண்டுசெல்வதனால் விலை இறங்குவதுண்டு. வியாபாரியோ பெரிய முழுக்கிழங்குகளைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, ஒடிந்த விரல்களையும் சிறியனவற்றையும் கழித்துவிடுகிறார். கழிக்கப்பட்டவை கடகத்திற் கிடந்து வாடியும் பூஞ்சணம் பிடித்தும் வீணாகின்றன.

வீணாகும் இந்த இஞ்சியை ஊறுகாயாக்கினால் ஆறு மாதம் வரை வைத்துப் பயன்படுத்தலாம். அதற்கு வேண்டிய கறுவா, மிளகு, கராம்பு, மஞ்சள் ஆகியன எமது நாட்டிலே விளைவன. வினாகிரியும் எமது தென்னையிலிருந்தே கிடைப்பது. ஆயினும், ஊறுகாய் கெடாதிருப்பது செய்பவரின் கைராசியைப் பொறுத்ததன்று. அது அமிலம், உப்பு, சூடு, சுத்தம் என்னும் நான்கின் அளவைப் பொறுத்தது. அளவு தவறினால் பொருளும் உழைப்பும் மாத்திரமன்றி, உண்பவரின் சுகமும் கெடக்கூடும். ஆகையால், செய்முறையோடு அதன் காரணங்களையும் இப்பிரசுரம் விளக்குகின்றது. காரணம் அறிந்தவர் அளவை மாற்றார்.

ஊறுகாய் கெடாதிருப்பது ஏன்?

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மூவகைப்படும். அவை பூஞ்சணம், மதுவம், பற்றீரியா என்பன. இஞ்சி மண்ணுக்குள் விளைவதாதலால், மண்ணில் வாழும் பற்றீரியாக்களும் அவற்றின் வித்திகளும் கிழங்கின் கணுக்களில் ஒட்டியிருக்கும். இவற்றுள் மிகக் கொடியது குளொசுத்திரிடியம் பொற்றுலினம் எனப்படுவது. இது காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து, நரம்புகளைத் தாக்கி உயிரைப் போக்கவல்ல நஞ்சை உண்டாக்கும். இதன் வித்திகள் கொதிநீரிலும் அழிவதில்லை. இந்நஞ்சு கலந்த உணவு பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கவும் கூடும்.

ஆனால் இப்பற்றீரியாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பான இடத்தில் அது வளரமாட்டாது. புளிப்பின் அளவைக் குறிக்கும் பீ.எச். பெறுமானம் 4.6 இலும் குறைவாக இருப்பின் அதன் வித்திகள் முளைக்கமாட்டா. பச்சை இஞ்சியின் பெறுமானம் இவ்வெல்லைக்கு மேற்பட்டது. அதனை எல்லைக்குக் கீழே இறக்குவதே வினாகிரியின் வேலை. எனவே வினாகிரி சுவைக்காக மாத்திரம் இடப்படுவதன்று. வயலுக்கு வேலி எப்படியோ, ஊறுகாய்க்கு வினாகிரி அப்படி. வேலியில் இடைவெளி விட்டவன் மாட்டைக் குறைகூறிப் பயனில்லை.

உப்பு இஞ்சியிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. அந்நீரை வடித்துவிட்டால், பின்னர் அது வினாகிரியிற் கலந்து அதன் வலிமையைக் குறைக்காது. சூடு பூஞ்சணத்தையும் மதுவத்தையும் அழிக்கின்றது. வாசனைச் சரக்குகள் சுவையும் மணமும் தருவன. அவற்றுட் சிலவற்றுக்கு நுண்ணுயிரைத் தடுக்கும் இயல்பு ஓரளவு இருப்பினும், வினாகிரியின் இடத்தை அவை நிரப்பமாட்டா.

எண்ணெயைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். மேலே எண்ணெய் ஊற்றினால் எதுவும் கெடாது என்பது பலருடைய நம்பிக்கை. எண்ணெய் காற்றை மாத்திரமே தடுக்கும். மேற்கூறிய பற்றீரியாவோ காற்றில்லாத இடத்தையே விரும்புவது. ஆகையால், புளிப்பில்லாத இஞ்சியையோ உள்ளியையோ வெறும் எண்ணெயில் அமிழ்த்திச் சாதாரண வெப்பநிலையில் வைப்பது அபாயகரமானது.

நான் கண்ட ஒரு படிப்பினை

போதனாசிரியனாகப் பணியேற்ற முதல் ஆண்டில், ஒரு கிராமத்து வீட்டில் எட்டுப் போத்தல் இஞ்சி ஊறுகாய் செய்திருந்தனர். சுவை குறைவாக இருக்கட்டும் என்று வினாகிரியிற் பாதிக்கு நீர் கலந்திருந்தனர். மூன்றாம் வாரத்தில் இரண்டு போத்தல்களின் மேற்பரப்பில் வெண்ணிறப் படலம் தோன்றியது. அவ்வீட்டு அம்மா என்னை அழைத்து, “தம்பி, மேலாலே வழித்துப் போட்டுப் பாவிக்கலாமோ?” என்று கேட்டார். நானும் அதிகம் யோசியாது, வழித்தெடுத்து எறிந்துவிட்டு நல்லெண்ணெய் ஊற்றி வைக்குமாறு கூறினேன்.

பத்து நாட்களின் பின் சென்றபோது அவ்விரண்டு போத்தல்களிலும் இஞ்சி வழுவழுப்பாகித் துர்நாற்றம் வீசியது. நல்லவேளையாக அதை எவரும் உண்ணவில்லை. அதற்குக் காரணம் எனது அறிவன்று. “நீங்கள் சொன்னீர்கள்தான், ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை” என்றார் அந்த அம்மா. பின்னர் நூல்களைப் படித்து நான் அறிந்துகொண்டது இதுவாகும்: பூஞ்சணம் வளரும்போது வினாகிரியிலுள்ள அமிலத்தையே உண்டு குறைத்துவிடுகின்றது. புளிப்புக் குறைந்ததும் மற்றைய பற்றீரியாக்களுக்கு வழி திறக்கின்றது. மேலே தெரியும் படலத்தை வழித்துவிடலாம். உள்ளே குறைந்துபோன புளிப்பைத் திருப்பிக் கொண்டுவர இயலாது. எண்ணெய் ஊற்றுமாறு நான் கூறியதோ தீமைக்குத் தீமை சேர்த்ததாயிற்று. அவ்வீட்டிலே எனக்குக் கிடைத்த பாடத்தையே இங்கு உங்களுக்குக் கூறுகின்றேன்.

ஏற்ற இஞ்சியைத் தெரிதல்

எமது நாட்டிற் பயிராகும் இஞ்சி மூவகைப்படும். நாட்டு இஞ்சி சிறியது, நார் மிக்கது, காரமும் மணமும் மிகுந்தது. சீன இஞ்சி பெரியது, சதைப்பற்றுள்ளது, மணம் குறைந்தது. ரங்கூன் இஞ்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றிலும் ஊறுகாய் செய்யலாம். சீன இஞ்சி வெட்டுவதற்கு எளிதாகவும் மிருதுவாகவும் இருக்கும். நாட்டு இஞ்சியை மெல்லிதாக வெட்டினால் அதன் மணத்துக்கு ஈடில்லை.

நட்டு ஐந்து அல்லது ஆறு மாதங்களான இளம் இஞ்சியே ஊறுகாய்க்கு மிகச் சிறந்தது. நார் விழாத பருவம் அது. தோலும் கைவிரலால் உரியக்கூடியதாக இருக்கும். பங்குனியில் நட்டது ஆவணி, புரட்டாதி மாதங்களில் இப்பருவத்தை அடையும். பெரும்போக விதைப்பு வேலைகள் தொடங்குமுன் வீட்டில் ஓய்வுள்ள காலமும் அதுவே. ஆகையால் ஊறுகாய்க்கென ஒரு பாத்தியின் மூலையையோ இரண்டு பைகளையோ முன்னரே ஒதுக்கி வைத்தல் நன்று. முற்றிய இஞ்சியைக் கிண்டும் காலத்தில், ஒடிந்த விரல்களின் நுனிப்பகுதியைத் தெரிந்து அதே முறைப்படி செய்யலாம். நார் மிகுந்த அடிப்பகுதியைச் சுக்காக உலர்த்துதல் பொருத்தமானது.

பின்வருவனவற்றை ஒருபோதும் ஊறுகாய்க்கு எடுத்தலாகாது.

1. அழுகல் நோய் கண்ட கிழங்குகள். அழுத்தும்போது மெதுவாக இருப்பவையும், உள்ளே பழுப்பு நிறம் பரவியவையும், துர்நாற்றமுள்ளவையும் இதில் அடங்கும். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிகுதியை எடுப்பதும் கூடாது.

2. பூஞ்சணம் பிடித்தவை, சுருங்கியவை, புழு துளைத்தவை.

3. நடுகைக்கென மருந்திட்ட விதைக்கிழங்குகளில் எஞ்சியவை. இது மிக முக்கியமானது. விதைக்கிழங்குகளை நடுமுன் பங்கசு நாசினிக் கரைசலில் அமிழ்த்தி எடுக்கும் வழக்கம் உண்டு. நட்டு மிஞ்சிய கிழங்கு பார்வைக்கு நன்றாக இருப்பினும், கழுவினாலும், தோல் சீவினாலும், அதனை உணவுக்கு எடுத்தலாகாது. இதனை வீட்டிலுள்ள அனைவரும் அறியச் செய்க. மருந்திட்ட கிழங்கைச் சமையலறைக்குள் கொண்டுவராதிருப்பதே பாதுகாப்பு.

வினாகிரியும் பாத்திரமும்

தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துப் பெறப்படும் இயற்கை வினாகிரியே மணத்திற் சிறந்தது. கடையில் வாங்கும்போது போத்தலின் சுட்டியைப் படித்துப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு 4 பங்குக்குக் குறையாத அசற்றிக்கமிலம் உள்ளதாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து செய்யப்படும் செயற்கை வினாகிரியும் இதே அளவு அமிலமுள்ளதாயின் பாதுகாப்பில் குறைந்ததன்று, மணத்திலேயே குறைந்தது. வீட்டிலே புளிக்கவைத்த வினாகிரியின் அமில அளவை நாவினால் அறிய முடியாது. அதனைக் கறிக்குப் பயன்படுத்தலாம். நாட்பட வைக்கும் ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாகாது.

வினாகிரிக்கு நீர் சேர்த்தல் கூடவே கூடாது. புளிப்பு மிகை என்று தோன்றினால் சீனியைச் சற்றுக் கூட்டுக. அது சுவையை மாற்றும். புளிப்பின் காவலைக் குறைக்காது.

வினாகிரியைக் காய்ச்சுவதற்கு எவர்சில்வர்ப் பாத்திரமோ, பூச்சு உடையாத எனாமல் பாத்திரமோ ஏற்றது. செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றை அமிலம் அரித்து உலோகத்தை உணவிற் கலக்கச் செய்யும். நிரப்புவதற்குக் கண்ணாடிப் போத்தலே சிறந்தது. மூடியின் உட்புறம் துருப்பிடியாத பூச்சுள்ளதாக இருத்தல் வேண்டும். பழைய பளபளப்பான மட்சாடிகள் சிலவற்றின் மெருகிலே ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலால், அவற்றை விலக்குதல் நன்று.

நாட்டுச் சரக்குகள்

கறுவா இத்தீவுக்கே உரிய மரம். மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்டிருப்பதே உண்மையான இலங்கைக் கறுவா. தடித்த ஒற்றைப் பட்டையாக இருப்பது வேறு இனம். மிளகும் கராம்பும் முழுதாக இடப்படுவதே நன்று; தூளாக்கினால் வினாகிரி கலங்கிக் கறுக்கும். கடுகை வறுத்தலாகாது. கடுகை அரைக்கும்போது அதன் காரத்தைத் தோற்றுவிப்பது ஒரு நொதியமாகும். வறுக்கும் சூட்டில் அந்நொதியம் அழிந்துவிடும். எனவே பச்சைக் கடுகையே அரைத்தல் வேண்டும்.

கொறுக்காய் விரும்புவோர் உலர்ந்த துண்டுகள் இரண்டைக் கழுவி வினாகிரியோடு சேர்த்துக் காய்ச்சலாம். மீனுக்கு இடுவதுபோல இஞ்சிக்கும் அது நல்ல சுவை தரும். ஆயினும், அதன் புளிப்பு துண்டுக்குத் துண்டு வேறுபடுவதால், வினாகிரிக்குப் பதிலாக அதை இடலாகாது.

வேண்டிய பொருள்கள்

தோல் சீவி வெட்டிய இஞ்சி - 1 கிலோகிராம்
வினாகிரி - 1 லீற்றர்
கல்லுப்பு - 60 கிராம்
சீனி - 150 கிராம்
கடுகு - 50 கிராம்
உள்ளி - 50 கிராம்
செத்தல் மிளகாய் - 30 கிராம்
மிளகு - 10 கிராம்
கறுவாப் பட்டை - இரண்டு அங்குலத் துண்டுகள் 3
கராம்பு - 10
மஞ்சட்டூள் - 1 தேக்கரண்டி

தோலும் கழிவும் போவதனால், தோட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராம் இஞ்சி எடுத்தல் வேண்டும். இவ்வளவு ஊறுகாய்க்கு அரை லீற்றர் கொள்ளும் போத்தல்கள் நான்கு போதும். சரக்குகளை அவரவர் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஒரு கிலோ இஞ்சிக்கு ஒரு லீற்றர் வினாகிரி என்னும் கணக்கை மாற்றலாகாது. உள்ளியையும் குறித்த அளவுக்கு மேற் கூட்ட வேண்டாம். உள்ளிக்கும் வினாகிரி தேவை.

செய்முறை

1. கழுவுதல். கிழங்குகளை விரல் விரலாக ஒடித்து, பத்து நிமிடம் நீரில் ஊறவிடுக. கணுக்களில் ஒட்டிய மண் இளகும். பின்னர் தும்பினால் அல்லது தூரிகையால் தேய்த்து, நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை கழுவுக. கரண்டியின் விளிம்பினாற் தோலைச் சுரண்டியெடுத்து, மீண்டும் ஒருமுறை குடிநீரிற் கழுவுக. செய்பவர் தமது கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

2. வெட்டுதல். நாருக்குக் குறுக்காக இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பில் வட்டமாக வெட்டுக. முற்றிய இஞ்சியாயின் இன்னும் மெல்லிதாக வெட்டுக. துண்டு தடித்தால் அதன் நடுப்பகுதிக்குப் புளிப்புச் சென்றடைய நாட்செல்லும்.

3. உப்பிடுதல். வெட்டிய இஞ்சியை நிறுத்து, உப்பைத் தூவிப் பிசறி, மூடி ஆறு மணி நேரம் வைத்திடுக. ஊறிய நீரை வடித்துவிட்டு, துண்டுகளைச் சுத்தமான துணியிலிட்டு மெதுவாகப் பிழிக. திரும்பக் கழுவ வேண்டாம்.

4. உலர்த்துதல். சுளகிலே துணி விரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூடி, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்திடுக. மேற்பரப்பின் ஈரம் போதல் வேண்டும். துண்டுகள் சுருங்குதல் கூடாது.

5. போத்தல்களை ஆயத்தம் செய்தல். போத்தல்களையும் மூடிகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, போத்தல்களை நீரில் அமிழ்த்திப் பத்து நிமிடம் கொதிக்கவைத்திடுக. நிரப்பும்வரை அவை சூடான நீரிலேயே இருக்கட்டும். குளிர்ந்த போத்தலிற் கொதிக்கும் வினாகிரியை ஊற்றினால் வெடித்துவிடும்.

6. கடுகு அரைத்தல். வினாகிரியில் 100 மில்லிலீற்றரை எடுத்து, கடுகை அதில் அரை மணி நேரம் ஊறவிட்டு, செத்தல் மிளகாயுடன் சேர்த்து அம்மியில் அல்லது மின் அரைப்பானில் அரைத்தெடுக்க. அரைக்கும்போது நீர் தெளிக்க வேண்டாம், வினாகிரியையே தெளிக்க.

7. காய்ச்சுதல். எஞ்சிய வினாகிரியிற் சீனி, கறுவா, மிளகு, கராம்பு, மஞ்சட்டூள் ஆகியவற்றை இட்டு மூடிக் கொதிக்கவைத்திடுக. கொதித்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்திடுக. திறந்தபடி நெடுநேரம் காய்ச்சினால் நீர் வற்றுவதோடு அமிலமும் ஆவியாகிச் செல்லும். பின்னர் இஞ்சியையும் உரித்த உள்ளியையும் இட்டு, மீண்டும் ஒருமுறை கொதித்தெழுந்ததும் இரண்டு நிமிடத்தில் இறக்குக. முற்றிய இஞ்சியாயின் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். இறக்கிய உடனே கடுகு விழுதைச் சேர்த்து எவர்சில்வர் அகப்பையாற் கலக்குக.

8. நிரப்புதல். சூடாக இருக்கும்போதே போத்தல்களில் நிரப்புக. மேலே அரை அங்குல இடம் விடுக. சுத்தமான மெல்லிய கரண்டிக் காம்பை உள்ளே செலுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுக. இஞ்சித் துண்டுகள் யாவும் வினாகிரியின் கீழ் அமிழ்ந்திருத்தல் வேண்டும். விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுக.

9. கொதிநீரிற் சூடாக்குதல். பெரிய பாத்திரத்தின் அடியில் மடித்த துணியை இட்டு, சூடான நீரில் போத்தல்களை நிறுத்துக. மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நீர் இருத்தல் வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் கணக்கிடுக. உயர்ந்த இடங்களில் நீர் குறைந்த சூட்டிலே கொதிப்பதனால், கண்டி, பதுளை போன்ற இடங்களில் 15 நிமிடமும், நுவரெலியா போன்ற மிக உயர்ந்த இடங்களில் 20 நிமிடமும் வேண்டும். பின்னர் எடுத்து, மரப்பலகையின்மேல் துணி விரித்து, காற்று வீசாத இடத்தில் ஆறவிடுக.

வைத்தலும் பாவித்தலும்

ஒவ்வொரு போத்தலிலும் செய்த திகதியை எழுதி ஒட்டுக. வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைத்திடுக. இரண்டு வாரம் சென்றபின் திறந்தால் சரக்குகளின் மணம் இஞ்சியிற் சேர்ந்திருக்கும். திறவாத போத்தலை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தி முடித்தல் நன்று. திறந்தபின் குளிர்சாதனப்பெட்டியில் வைத்திடுக. அவ்வசதி இல்லாதோர் சிறிய போத்தல்களில் நிரப்பி, திறந்ததை விரைவில் முடித்தல் வேண்டும். ஈரக் கரண்டியையும் கையையும் உள்ளே இடலாகாது. ஊறுகாயில் உப்பு மிகுதியாதலால், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் சிறிதளவே உண்ணுதல் நன்று.

ஆவணியிலே செய்த போத்தல் பெரும்போக வேலைக் காலத்துக்குக் கைகொடுக்கும். வயலுக்குச் சோறு கொண்டுசெல்லும் நாட்களில், ஒரு பருப்புக்கறியும் இரண்டு துண்டு இஞ்சியும் இருந்தால் நேரமும் செலவும் மிஞ்சும்.

கெட்டதையும் கெடாததையும் அறிதல்

உள்ளி நீலநிறம் அல்லது பச்சைநிறம் அடைதல், இளம் இஞ்சியின் நுனி இளஞ்சிவப்பாதல், அடியிற் கடுகு படிதல் ஆகியன கேடுகள் அல்ல. அமிலம் உள்ளியிலும் இஞ்சியிலும் உள்ள பொருள்களோடு சேர்வதனால் இந்நிற மாற்றங்கள் உண்டாகின்றன. இவற்றைக் கண்டு நல்ல ஊறுகாயை எறிதல் வேண்டாம்.

மூடி மேல்நோக்கி உப்புதல், திறக்கும்போது வாயு சீறுதல், மேற்பரப்பிற் படலமோ பூஞ்சணமோ தோன்றுதல், துண்டுகள் வழுவழுப்பாதல், துர்நாற்றம் ஆகியன கேட்டின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று காணப்படினும் போத்தல் முழுவதையும் கழித்துவிடுக. சுவைத்துப் பார்க்க வேண்டாம். வழித்தெடுத்து மிகுதியைப் பாவிக்க வேண்டாம். மீண்டும் காய்ச்சவும் வேண்டாம். மாட்டுக்கோ கோழிக்கோ இடாது, ஆழப் புதைத்துவிடுக. ஒரு போத்தல் ஊறுகாயின் நட்டம் சிறிது. ஒரு பிள்ளையின் நோய் பெரிது.

நாட்பட வைக்காத எளிய முறை

வினாகிரி கிடையாத வேளையில், கால் கிலோகிராம் இளம் இஞ்சியை மெல்லிய ஈர்க்குகளாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, துண்டுகள் அமிழும் அளவுக்குத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து, இரண்டு பச்சைமிளகாயும் சேர்த்து வைத்திடலாம். மறுநாளே உண்பதற்கு ஆயத்தமாகும். இதனைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துள் முடித்தல் வேண்டும். அவ்வசதி இல்லையாயின் அன்றன்றைக்கு வேண்டியதை மாத்திரம் செய்க.

விற்பனை செய்ய எண்ணுவோருக்கு

வீட்டுத் தேவைக்குச் செய்து பழகியபின், சிறிதளவு விற்கவும் சிலர் விரும்பலாம். விற்பனைக்கெனச் செய்யும் உணவுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும். எனவே தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, இடத்தின் சுத்தம், சுட்டியில் எழுத வேண்டியவை ஆகியன பற்றி அறிந்துகொள்க. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவிற் செய்தல் வேண்டும். வாங்குபவர் இரண்டாம் முறையும் தேடி வருவது அதனாலேயே.

விதையை மறவாதீர்

இஞ்சி முழுவதையும் ஊறுகாயாக்கவோ விற்கவோ வேண்டாம். நோயற்ற பாத்தியிலிருந்து, நன்கு முற்றிய, கண்கள் திரண்ட கிழங்குகளை அடுத்த நடுகைக்காக முதலில் ஒதுக்கிக்கொள்க. அழுகல் கண்ட கிழங்குகளைக் கூட்டெருக் குழியில் இடாது அழித்துவிடுக. அப்பாத்தியில் அடுத்த போகத்தில் மீண்டும் இஞ்சி நட வேண்டாம். விதைக்கு ஒரு பங்கு, சந்தைக்கு ஒரு பங்கு, போத்தலுக்கு ஒரு பங்கு எனத் திட்டமிடும் கமக்காரரின் வீட்டில், கழித்துவிடப்பட்ட விரலும் பயன் தரும்.

இங்கு கூறியவற்றில் ஐயம் எழுமாயின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிந்து கொள்க. போத்தலில் ஏதேனும் கேடு தோன்றினால், அதைத் திறவாமலே கொண்டுவந்து காட்டுக. என்ன தவறு நேர்ந்தது என்பதை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தால், அடுத்த முறை அத்தவறு நேராது காத்துக்கொள்ளலாம்.